35-க்கு மேலே, 35-க்குக் கீழே

அன்புள்ள அம்மணி,

பொள்ளாச்சியில் நீயே தனியாக ஓபி பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். இனி ஒரு காகிதம் உன் மேசைக்கு அடிக்கடி வரும். கோவையிலோ திருப்பூரிலோ மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்த பெண் ஒருவர், சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையின் வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் அச்சான எண்ணைக் காட்டி, “ஏனுங்க டாக்டர், எனக்குக் கேன்சருங்களா?” என்பார். அவருக்கு நீ சொல்லப்போகும் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், நலமானவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே இந்த அளவு 35 யூனிட்டைத் தாண்டியது. சினைப்பைப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 82 பேருக்குத் தாண்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் சினைப்பையோடு நிற்கும் முதல் கட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் உயர்கிறது. நாம் பிடிக்க ஆசைப்படும் கட்டத்திலேயே சோதனை கைவிடுகிறது. நலமான பத்தாயிரம் பெண்களைச் சோதித்தால் நூறு பேர் பயந்து வருவார்கள். அவர்களில் அந்த ஆண்டு உண்மையில் நோய் உள்ளவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

இதை ஸ்கேனோடு சேர்த்துப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் பிஎல்சிஓ ஆய்வில் 78,216 பெண்கள். அதில் 3,285 பேருக்குப் பொய்யான எச்சரிக்கை வந்தது. 1,080 பேர் அதனால் அறுவை சிகிச்சை வரை போனார்கள். 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து, 2021-ல் இறுதி முடிவு சொன்னார்கள். இரண்டு ஆய்விலும் இந்நோயால் இறப்போர் குறையவில்லை. எனவே தொந்தரவு ஏதும் இல்லாத பெண்ணுக்கு இதை நீ எழுதாதே.

எழுதாமலே எண் வந்துவிட்டால் பதறாதே. மாதவிடாய் நாட்களில், கர்ப்பத்தில், ஃபைப்ராய்டில், எண்டோமெட்ரியோசிஸில், கல்லீரல் சுருக்கத்தில், இதயம் தளர்ந்தாலும்கூட இது ஏறும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மேலே வயிற்று டிபியை நினை. வயிற்றில் நீர், எடைக் குறைவு, ஸ்கேனில் கட்டி, சிஏ 125 நூற்றுக்கணக்கில்: முற்றிய புற்றுநோய் போலவே இருக்கும். திசுவை எடுத்துப் பார்த்தால் காசநோய். ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். திசு பேசும் முன் ‘கேன்சர்’ என்ற சொல்லை உச்சரிக்காதே. இளம்பெண்ணின் சினைப்பையைக் காப்பாற்றும் விதி இது.

35-க்குக் கீழே இருக்கும் எண்ணிடம் இன்னும் கவனமாக இரு. ஐம்பது கடந்த அம்மா, “வவுறு உப்பிக்கிட்டே இருக்குதுங்க, ரெண்டு வாய் தின்னா போதுமுங்க” என்று சில வாரமாகச் சொன்னால், வாயு மாத்திரை கொடுத்து அனுப்பாதே. வயிற்றைத் தொட்டுப் பார், ஸ்கேன் எடு. மியூசினஸ் வகைக் கட்டிகளில் எண் பல நேரம் ஏறாது. பதின்வயதுப் பெண்ணுக்குக் கெட்டியான கட்டி என்றால் கேட்க வேண்டியவை ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச்.

குடும்பக் கதையையும் கேள். அம்மா, சித்தி மட்டும் போதாது. அத்தைமாரையும் அப்பத்தாவையும் விசாரி. பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியிலும் வரும். பிஆர்சிஏ1 கோளாறு உள்ள நூறு பெண்களில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு இந்நோய் வரக்கூடும். அவர்களுக்கு உயிர் காப்பது ஆண்டுதோறும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அல்ல; குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதுதான்.

சந்தேகக் கட்டியை அருகிலுள்ள நர்சிங் ஹோமில் ‘சாதாரண நீர்க்கட்டி’ என்று ஊசி வைக்கவோ உடைக்கவோ விடாதே. உள்ளே சிந்தினால் நோயின் கட்டமே ஏறிவிடும். கோவையில் பெண்கள் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்பு. அனுப்பும் கடிதத்தில் வயது, மாதவிடாய் நின்றதா, எத்தனை வாரத் தொந்தரவு, ஸ்கேனில் கண்டது, குடும்ப வரலாறு ஆகியவற்றை முதலில் எழுது. சிஏ 125 அளவைக் கடைசி வரியில் எழுது. மேலே உள்ள வரிகள் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

அன்புடன்,
உன் ஆசிரியை