கத்தரியை முடக்கும் மருந்து

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து உறையூர்ப் பக்கம் செல்வோர் அங்குள்ள கைத்தறிகளைக் கண்டிருப்பர். பல புடவைகளுக்கு வேண்டிய பாவு ஒரே நீளமாகத் தறியில் ஏற்றப்படுகிறது. நெய்தபின் இடம் பார்த்துக் கத்தரித்தால்தான் ஒவ்வொன்றும் உடுத்தத்தக்க புடவையாகும். எச்.ஐ.வி. கிருமி பெருகும் விதமும் ஏறக்குறைய இதுவே.

இக்கிருமி நம் இரத்தத்திலுள்ள சி.டி.4 அணுக்களுள் புகுந்து, அவற்றைக்கொண்டே தனக்கு வேண்டிய புரதங்களை நீண்ட சங்கிலியாகச் செய்வித்துக்கொள்கிறது. அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரி, புரோட்டியேஸ் என்னும் நொதி. புரோட்டியேஸ் தடுப்பு மருந்து அக்கத்தரியின் வாயிலே சென்று சிக்கிக்கொள்கிறது. அதன் பின்னும் கிருமிகள் வெளிவரும். ஆயினும் முதிராத அவற்றால் வேறோர் அணுவைப் பற்ற இயலாது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவி நிர்மலா அவர்களும் இத்தொற்றை நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, இதற்கென அனுமதி பெற்ற மருந்து உலகில் எங்கும் இல்லை. 1995 டிசம்பரில் சாக்வினவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டிலே ரிட்டோனவிரும் இண்டினவிரும் வந்தன. வேறு மருந்துகளோடு இவற்றைச் சேர்த்துக் கொடுத்த பின்னரே அங்கு மரணம் விரைந்து குறைந்தது. விலையோ நம்மவர்க்கு எட்டாதது. நம் அரசாங்கம் 2004 ஏப்ரல் 1 முதல் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிற்று. 2008-ல் தாம்பரத்திலும் மும்பையிலும் இரண்டாம் நிலைச் சிகிச்சை தொடங்கியபோது இவ்வகை மருந்தும் அதில் இடம்பெற்றது. முதல் நிலை மருந்து பலிக்காதவர்க்கே இன்றும் பெரும்பாலும் இதனை அளிக்கின்றனர். அட்டாசனவிருடன் சிறிதளவு ரிட்டோனவிர் சேர்ப்பது வழக்கம். ஈரல் மருந்தை விரைவில் சிதைத்துவிடாதபடி அது காக்கும்.

இங்கே நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அட்டாசனவிர் உண்போர் சிலருக்குக் கண்கள் மஞ்சளிக்கும். பித்தத்தின் நிறப்பொருள் இரத்தத்தில் தங்குவதே காரணம்; பெரும்பாலும் ஈரல் கெட்டதன் அடையாளமன்று. நம் கிராமங்களிலோ மஞ்சள் கண்ணைக் கண்டதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடு" என்பர். கீழாநெல்லியின் மீது நமக்குப் பகையில்லை. மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும் என்பதே நம் அச்சம். விட்டுவிட்டு உண்பதிலும் கேடுண்டு. பெருகும் கிருமிகளிடையே மருந்து சிக்காத வடிவுடைய கத்தரி தோன்றக்கூடும். ஆதலின் மஞ்சளைக் கண்டவர் மருந்து பெறும் மையத்திற்கே செல்லவேண்டும். அங்கே இரத்தத்தைச் சோதிப்பர். அவசியமானால் மருந்தை மாற்றித் தருவர்.

கடையில் வாங்கும் புளியேப்ப மாத்திரையும் அட்டாசனவிரின் பலனைக் குறைக்கும். காசநோய்க்குரிய ரிபாம்பிசினோ இன்னும் மிகுதியாகக் குறைக்கும். எனவே உண்ணும் மருந்தனைத்தையும் டாக்டரிடம் கூறுதல் வேண்டும்.

கூறுவதற்குத் தடை, வெட்கமே. வைகுண்ட ஏகாதசிக்கு உறவினர் வந்து வீடு நிறையும் நாட்களில், உணவோடு உண்ணவேண்டிய இம்மாத்திரையைப் பந்தியில் எடுக்க அஞ்சி விட்டுவிடுவோர் உண்டு. ஒருவருடைய சம்மதமின்றி அவரது தொற்றை வெளியிடலாகாதென 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அது என்ன மாத்திரை?" என்று கேளாதிருக்க அச்சட்டம் தேவையில்லை.