பழைய பதிவைத் தோண்டலாமா?

2021 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக மாணவர் சங்கத் தலைவியாக ரஷ்மி சாமந்த் என்ற இந்திய மாணவி தேர்வானார். உடனே அவருடைய பழைய இணையப் பதிவுகள் வெளியே வந்தன. பெர்லினில் யூதப் படுகொலை நினைவிடத்தில் எடுத்த படத்துக்குச் சிலேடையாய் எழுதிய வரி. சீனரைக் கேலி செய்வதாய்ப் பட்ட மலேசியப் படக்குறிப்பு. கண்டனம் எழவே, சில நாட்களில் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார்.

உத்தமபாளையம் ஹவ்தியா கல்லூரி 1956-இல் துவங்கிய காலத்தில் மாணவர் வாய்ச்சொல் காற்றோடு போகும். இன்று கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் சொல்லும் கைப்பேசியில் நிற்கிறது.

மார்க்கத் தீர்ப்பு என்ன? 'உள்ளதைத்தானே காட்டினேன்' என்பது பதிலாகாது. உள்ள குறையைப் பேசுவதே கீபத். இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் 12-ஆம் வசனம் தடுக்கிறது.

ஆனால் பாதிக்கப்பட்டவர் முறையிடுவதையும், தீங்கைக் குறித்து எச்சரிப்பதையும், பகிரங்கமாகப் பாவம் செய்பவரின் அச்செயலைச் சொல்வதையும் இமாம் நவவி (ரஹ்) விலக்கியுள்ளார்கள். பகிரங்கப் பதிவுதானே என்பீர்கள். அதைவிட்டுத் திருந்தியவருக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்?

எழுதியவருக்கோ தவ்பா மட்டும் போதாது. இது ஹக்குல் இபாத். பதிவை அழித்து, புண்பட்டோரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும்.