ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைத்தால் குளிசையை நிறுத்தலாமா?



இம்முறை சுகாதாரப் பாடத்துக்குப் பாரிசவாதத்தை எடுத்துக்கொள்கிறோம். பிரஷர், உப்பு, வெற்றிலை பற்றி உங்களுக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. இன்று சொல்லப் போவது வேறு. ஒப்பரேஷன் செய்யும் நாட்களை ஒட்டி வரும் வாதம், அது வராமல் பார்த்துக்கொள்ள நாம் செய்ய வேண்டிய காரியங்கள், இவைதான் இன்றைய பாடம்.

குண்டசாலைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது வயது போனவர்கள் பலர் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே கண்ணில் வெள்ளை படர்ந்ததற்கும், குடலிறக்கத்துக்கும், பித்தப்பைக் கல்லுக்கும், கர்ப்பப்பைக்கும் கண்டியில் தேதி கொடுக்கிறார்கள். தேதி கிடைத்த அன்றே லயத்தில் ஆளுக்கு ஆள் ஒரு புத்தி சொல்லுவார்கள். "ரத்தம் தண்ணியாகிற குளிசையா? நிப்பாட்டிப் போடு, இல்லாட்டி ரத்தம் நிக்காது" என்பார் ஒருவர். "ஏற்கனவே கை கால் விழுந்த கதைய டொக்டர்கிட்ட சொல்லாத, தேதியத் தள்ளிப் போட்டுருவாங்க" என்பார் மற்றவர். இந்த இரண்டு புத்தியும் ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடியவை.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டால் அல்லது வெடித்தால் வருவது பாரிசவாதம். பெரும்பாலும் அடைப்புத்தான். பீலிக்குத் தண்ணீர் வரும் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே மண் படிந்து குறுகியிருந்தாலும் தண்ணீர் ஓரளவுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மேலே தண்ணீர் குறைந்தாலோ, படிந்த மண் பெயர்ந்து ஒரு வளைவில் போய்ச் சிக்கினாலோ பீலி நின்றுவிடும். பிரஷர், சீனி, கொழுப்பு, புகையிலை எல்லாம் வருஷக்கணக்காகக் குழாயில் மண் சேர்க்கின்றன.

ஒப்பரேஷன் நாட்களில் இந்தக் குழாய்க்குப் பல பக்கத்திலிருந்தும் சோதனை வருகிறது. உடம்பில் காயம் பட்டவுடன் இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. மயக்க மருந்திலும் இரத்தம் போவதிலும் பிரஷர் இறங்கலாம். சாப்பிடாமல் குடிக்காமல் இருப்பதால் உடம்பு வரள்கிறது. சிலருக்கு இதயத்துடிப்பு தாளம் தப்பி, இதயத்துக்குள்ளேயே இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி மூளைக்கு ஏறுகிறது. இத்தனைக்கும் மேல், கட்டிபடாமல் காத்துக்கொண்டிருந்த குளிசையையும் நாமாக நிறுத்திவிட்டால் கேட்கவும் வேண்டுமா?

இதைக் கேட்டு யாரும் ஒப்பரேஷனே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. சாதாரண சத்திர சிகிச்சைகளில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இப்படி வாதம் வருகிறது. இதயத்திலும், கழுத்து இரத்தக் குழாயிலும் செய்யும் சிகிச்சைகளில் 100க்குச் சில பேர் என்று கூடும். முன்பே வாதம் வந்தவர்களுக்கும், இதயத்துடிப்புத் தாளம் தப்பியவர்களுக்கும், வயது போனவர்களுக்கும் ஆபத்து அதிகம். அந்த ஆபத்தைக் குறைக்க வைத்தியருக்கு வழி தெரியும். ஆனால் விஷயத்தை நாம் சொன்னால்தானே அவர் வழி பார்ப்பார்?

எம்.ஜி.ஆருக்கு நடந்தது

எம்.ஜி.ஆரை நம் லயங்களில் தெரியாதவர் இல்லை. 1917ஆம் ஆண்டு நமது கண்டிப் பக்கத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்தபோது, 1984 ஒக்டோபரில் சிறுநீரகம் பழுதாகிச் சென்னை அப்பலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அங்கே இருக்கும்போதே அந்த மாதத்தில் பாரிசவாதமும் வந்தது. நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் நியூயோர்க் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் அவருடைய அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்று, 1985 பெப்ரவரியில் ஊர் திரும்பினார். பேச்சு மட்டும் பழையபடி தெளிவாக வரவில்லை. 1987 டிசம்பர் 24இல் காலமானார்.

வாதம் வந்து இரண்டே மாதத்தில் அவருக்குப் பெரிய சத்திர சிகிச்சை நடந்திருக்கிறது. "அப்ப எனக்கு மட்டும் ஏன் ஆறு மாசம் பொறுக்கச் சொல்றாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். அவருடையது சிறுநீரகம் வேலை செய்யாமல் போன உயிர்ப் பிரச்சினை. கண் வெள்ளையும் பித்தப்பைக் கல்லும் எல்லா நேரமும் அப்படியல்ல.

டென்மார்க் நாட்டில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் சத்திர சிகிச்சைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். வாதம் வந்து முதல் மூன்று மாதத்துக்குள் ஒப்பரேஷன் செய்தவர்களுக்குத்தான் மறுபடி வாதமும், மாரடைப்பும், மரணமும் மிக அதிகமாக வந்திருந்தன. பிறகு ஆபத்து படிப்படியாக இறங்கி, ஒன்பது மாத அளவில் ஒரு மட்டத்தில் நின்றது. ஆகவேதான் பொறுக்கக்கூடிய ஒப்பரேஷனை வைத்தியர்கள் சில மாதங்கள் தள்ளிப் போடுகிறார்கள். எத்தனை மாதம் என்பது ஆளையும் நோயையும் பொறுத்தது. அடிபட்டது, குடல் அடைபட்டது, புற்றுநோய் போன்றவற்றுக்கு அந்தக் கணக்கு வேறு.

தேதி தள்ளிப்போனால் என்ன கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. லீவு சொல்லி, பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டு, வான் காசுக்குக் கடன் வாங்கிப் போயிருப்பீர்கள். அன்றைக்குப் பேரும் இல்லை. அந்த நிலையில் பழைய வாதத்தைச் சொல்லாமல் மறைக்கத்தான் மனசு வரும். மறைத்து, படுக்கையில் விழுந்தால் ஒரு நாள் பேரல்ல, ஆயுசுக்கும் பேர் போய்விடும். கூட இருந்து பார்க்கிறவருடைய பேரும் சேர்ந்து போகும்.

குளிசை விஷயம்

இரத்தம் கட்டிபடாமல் கொடுக்கும் குளிசைகள் பல. நம் ஆட்கள் அதிகம் எடுப்பவை அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்பரின். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் இல்லை. இங்கேதான் பக்கத்து வீட்டுப் புத்தி பிசகுகிறது.

கண் வெள்ளைக்கும் சாதாரணமாய் ஒரு பல் பிடுங்குவதற்கும் பெரும்பாலும் அஸ்பிரினை நிறுத்தச் சொல்வதில்லை. பல்லில் இரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்துக் கடித்து நிறுத்தலாம், தேவையானால் ஒரு தையலும் போடலாம். மூளையில் அடைப்பு வந்தால் அப்படி ஒரு சுலபமான கைமருந்து கிடையாது. மூளை, முதுகெலும்பு போன்ற இடங்களில் செய்யும் ஒப்பரேஷனுக்கு மட்டும் சில நாட்கள் முந்தி நிறுத்தச் சொல்லலாம். இதயக் குழாயில் வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வைத்தவர்கள் இதய கிளினிக்கில் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போனாலும் சரி, தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாலும் சரி, கதிரையில் உட்காரும் முன்பே குளிசையைக் காட்டிவிடுங்கள்.

வோர்பரின் இன்னும் கவனமானது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களும், வால்வு மாற்றியவர்களும், துடிப்புத் தாளம் தப்பியவர்களும் இதை எடுப்பார்கள். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்ப்பார்கள். பெரிய ஒப்பரேஷன் என்றால் வழக்கமாக ஐந்து நாள் முந்தி நிறுத்தச் சொல்வார்கள். முன்பு அந்த இடைவெளியில் வயிற்றில் ஊசி போடுவது பரவலாக இருந்தது. 2015இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், துடிப்புத் தாளம் தப்பிய 1884 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 1000க்கு 4 பேருக்கும், போட்டவர்களில் 1000க்கு 3 பேருக்கும் அடைப்பு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெரிய இரத்தப்போக்கு ஊசி போடாதவர்களில் 1000க்கு 13 பேருக்கும், போட்டவர்களில் 32 பேருக்கும் வந்தது. ஆகவே "எனக்கு மட்டும் ஊசி போடலையே" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதேசமயம், உலோக வால்வு வைத்தவர்கள் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஊசி தேவைப்படலாம். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத் தீர்மானிக்கிற காரியம் அல்ல இது.

பிரஷர் குளிசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலோல் என்ற மருந்தை, ஒப்பரேஷன் நாளில் புதிதாகத் தொடங்கி 8000க்கும் மேற்பட்டவர்களிடம் பரீட்சித்து 2008இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு குறைந்தது, ஆனால் வாதம் இரட்டிப்பானது. 1000க்கு 5 பேருக்கு வந்தது 10 பேருக்கு வந்தது. டொக்டர்மார் கொடுத்தே இப்படியென்றால், ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் "பிரஷர் கூடிடும், இத ஒண்ணு போடு" என்று மாமியார் தன் பக்கெட்டிலிருந்து எடுத்துத் தருவதை என்ன சொல்வது? ஆனால் வழக்கமாக இந்த வகைக் குளிசையை எடுத்துவருபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஒப்பரேஷன் அன்று காலை எந்தக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்குவது, எதை விடுவது என்று மயக்க மருந்து டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். சீனிக் குளிசைக்குக் கணக்கு வேறு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், குடலிறக்கத்துக்குத் தேதி கிடைத்த ஒருவர் இரண்டு கிழமைக்கு முந்தியே எல்லாக் குளிசையையும் தூக்கிப் போட்டார். தேதி வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது வலது கை விழுந்துவிட்டது. குடலிறக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவருடைய மனைவி எங்களிடம், "ஐயா, நிப்பாட்டுன்னு டொக்டர் சொல்லல, ஊர்தான் சொல்லுச்சு" என்றார்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், குளிசை பக்கெட்டுகள், குடிக்கிற கஷாயம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிங்களம் பேச வராதவர்கள் "அங்ஸபாகய" என்ற ஒரு சொல்லையாவது பாடமாக்கிக்கொள்ளுங்கள். பாரிசவாதத்துக்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த வருஷம், எந்த மாசம் வந்தது என்று எழுதிக் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள்.

வந்து போன வாதம்

கொழுந்து பறிக்கும்போது கை திடீரென்று சோர்ந்து, வாய் குழறி, பத்து நிமிஷத்தில் சரியாகிப் போவதுண்டு. காத்துப் பட்டது, முனி அடித்தது என்று விட்டுவிடுகிறோம். சாமி பார்ப்பதை நாங்கள் தடுக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பாருங்கள். அதுவும் வாதம்தான், வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறது.

1954இல் இலண்டன் சென்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியில் 66 வயதுப் பெண் ஒருவர் வந்தார். அவருக்கு 33 தடவை இப்படி வந்து போயிருந்தது. கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு. உடம்பை ஐஸ் வைத்துக் குளிராக்கி, அடைத்த பகுதியை வெட்டி எடுத்து இணைத்தார்கள். அவர் சுகமானார். 1991இல் வட அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், அறிகுறி காட்டிய, 70 சதவீதத்துக்கும் மேல் அடைபட்ட கழுத்துக் குழாய் உள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 26 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கத்தில் வாதம் வந்தது. சத்திர சிகிச்சை செய்தவர்களில் 9 பேருக்குத்தான் வந்தது. அந்த ஒப்பரேஷனாலேயே வந்த வாதத்தையும் சேர்த்துத்தான் இந்த 9. வாதத்தைத் தடுக்கச் செய்கிற ஒப்பரேஷனும் சிலருக்கு வாதம் கொடுக்கும் என்பதால்தான், கழுத்தை ஸ்கேன் பண்ணி, ஆளைப் பார்த்து, லாபம் அதிகம் என்றால் மட்டும் கை வைக்கிறார்கள்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு

இந்த வாதம் தியேட்டருக்குள் வருவதைவிட வாட்டுக்கு வந்த பிறகு, அடுத்தடுத்த நாட்களில் வருவதுதான் அதிகம். மயக்கம் தெளியவில்லை, வலி மருந்தின் தூக்கம் என்று நினைத்து எவரும் கவனிக்காமல் போகலாம். ஆளின் பழைய முகமும் பழைய பேச்சும் பக்கத்தில் நிற்கிற உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேர் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று பிசகினாலும் உடனே மிஸ்ஸிடம் ஓடுங்கள். "எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்" என்பதையும் சொல்லுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நடந்தால் 1990க்கு அடியுங்கள். 2016இல் தொடங்கிய சுவசரிய அம்புலன்ஸ், காசு இல்லை. லயத்துக்குப் பாதை சரியில்லை என்றால் பெரிய ரோட்டு வரைக்கும் ஆளைத் தூக்கி வந்து நில்லுங்கள். தேத்தண்ணியோ கஞ்சியோ வாயில் ஊற்ற வேண்டாம், நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் அண்மையில் பெரிய ஒப்பரேஷன் செய்தவருக்கு அதைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள், வேறு வழி பார்ப்பார்கள். ஆகவே ஒப்பரேஷன் நடந்த தேதியையும் சொல்ல வேண்டும்.

டிக்கட் வெட்டும் அன்று இன்னும் ஒரு கேள்வி உண்டு. நிறுத்தச் சொன்ன குளிசையை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது? காயம் ஆறட்டும் என்று நாமே மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. வோர்பரினைப் பல பேருக்கு ஒப்பரேஷன் அன்று இரவோ மறுநாளோ தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கு எப்போது என்பதை மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேட்டு, அந்தக் கார்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.