மருந்துச் சீட்டில் எண் எங்கே?

மும்பை தாராவியில் மாலை வகுப்பு. பெரியம்மா ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தார்.

“ஏம்மா, இதைப் பார். டேப்லெட் என்றால் மாத்திரை. பிஃபோர் ஃபுட் என்றால் சாப்பாட்டுக்கு முன். இவ்வளவும் நானே படித்தேன். ஆனால் எத்தனை மாத்திரை? 1, 2 என்று எண்ணே காணோமே. நேற்றிலிருந்து இரண்டிரண்டு போடுகிறேன். தலை சுற்றுகிறது.”

ஆசிரியை சீட்டை வாங்கிப் படித்தார்.

“டேக் ஏ டேப்லெட் ஆன் அவர் பிஃபோர் ஃபுட். டேக் தி டேப்லெட் வித் வாட்டர்.”

“எண் இருக்கிறதே, பெரியம்மா! டேப்லெட்டுக்கு முன்னால் ‘ஏ’ நிற்கிறது, பாருங்கள். அதற்கு ‘ஒரு’ என்று பொருள். ஒரு மாத்திரைதான். இரண்டு போட்டதை இன்றே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.”

“ஆன் அவர் என்றால்?”

“அவர் என்றால் மணி நேரம். ஆன் என்றாலும் ‘ஒரு’தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு.”

நாம் ஒரு வீடு என்கிறோம். ஓர் ஊர் என்று எழுதுகிறோம். உயிர் எழுத்து வந்தால் ‘ஒரு’, ‘ஓர்’ ஆகிறது. ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. உயிர் ஒலி வந்தால் ‘ஏ’, ‘ஆன்’ ஆகும். ஏ பனானா, ஆன் எக். காதில் விழும் ஒலிதான் கணக்கு. அவர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் எச் எழுத்து வரும். அதை யாரும் உச்சரிப்பதில்லை. அதனால் ஆன் அவர்.

சரி, வாட்டருக்கு முன்னால் ஏன் ‘ஏ’ இல்லை? தண்ணீரை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா? அளக்கத்தான் முடியும். பால், அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாம் இப்படித்தான். ஏ ரைஸ் என்று சொல்வதில்லை. அளவைச் சேர்த்தால் சொல்லலாம். ஏ கிலோ ஆஃப் ரைஸ், ஒரு கிலோ அரிசி. டீக்கடையில் ஏ டீ என்று கேட்பார்கள். அங்கே அது ஒரு கப் டீயைக் குறிக்கும்.

ரொட்டியில்தான் ஏமாந்து போவோம். நாம் ரொட்டியை எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் பிரெட்டை எண்ணுவதில்லை. ஏ ஸ்லைஸ் ஆஃப் பிரெட், அதாவது ஒரு துண்டு ரொட்டி என்பார்கள்.

இன்னும் ‘தி’ இருக்கிறது. சீட்டில் முதலில் ஏ டேப்லெட். அடுத்த வரியில் தி டேப்லெட். முன்பு சொன்ன அதே மாத்திரை என்று பொருள். நாம் ‘அந்த’ என்போமே, ஏறக்குறைய அதுதான். எண்ண முடியாத பொருளுக்கும் ‘தி’ வரும். தி வாட்டர் என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீர்.

பெரியம்மா சீட்டைத் திரும்ப வாங்கினார். ‘ஏ’ எழுத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டார். பக்கத்தில் 1 என்று எழுதிக்கொண்டார்.

பயிற்சி: இவற்றில் எதற்கு ‘ஏ’ வரும்? எதற்கு ‘ஆன்’ வரும்? எதற்கு இரண்டும் வராது? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பக்கெட், ஆனியன், சால்ட், ஸ்பூன், மில்க், ஆப்பிள்.