ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவினால் வேகம் பாதியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அப்படி ஆவதில்லை. கணினியை ஆன் செய்யும்போது இரண்டில் ஒன்றுதான் எழும். மற்றது ஹார்டு டிஸ்கில் வெறும் கோப்புகளாகக் கிடக்கும். ராமும் பிராசஸரும் முழுக்க முழுக்க ஓடுகிற தளத்துக்கே. பங்கு போவது டிஸ்கில் உள்ள இடம் மட்டும்.

விண்டோஸை மறுபடி நிறுவினால் லினக்ஸ் அழிந்துவிடும் என்ற பயத்துக்குப் பழைய பயாஸ் காலத்தில் ஓரளவு காரணம் இருந்தது. டிஸ்கின் முதல் 512 பைட்டில் ஒரே ஒரு பூட் நிரலுக்குத்தான் இடம். விண்டோஸ் தன்னுடையதை அங்கே எழுதியதும் எந்தத் தளத்தை எழுப்புவது என்று கேட்கும் லினக்ஸின் கிரப் மெனு காணாமல் போகும். அப்போதும் லினக்ஸ் அழிவதில்லை, அதற்குப் போகும் வழிதான் அடைபடும். இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளில் இரண்டின் பூட் கோப்புகளும் ஒரு சிறிய பார்ட்டிஷனில் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. விண்டோஸ் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொண்டால், பூட் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்ட்டிஷனைத் தவறாகத் தேர்ந்தெடுத்து அழிப்பது வேறு கதை. அதற்குப் பேக்கப் ஒன்றே காப்பு.

ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுவதுமாக அணைந்துவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்குதளத்தின் கருநிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. விண்டோஸின் பார்ட்டிஷன் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே குறிக்கப்பட்டிருக்கும். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸில் நுழைந்து அந்த டிரைவைத் திறந்தால், கோப்பைப் படிக்கலாம், சேமிக்க விடாது. டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று பலர் கலங்குவது இங்கேதான். கோப்புகள் சிதையாமலிருக்கத்தான் லினக்ஸ் மறுக்கிறது. வற்புறுத்தி எழுதவைத்தால் சிதைவு நிச்சயம் என்றில்லை, ஆனால் நேரக்கூடியதே. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டால் சிக்கல் தீரும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது இந்த அரைத்தூக்கம் கிடையாது.

லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸில் நேரம் தப்பாகக் காட்டினால் மதர்போர்டு பேட்டரியைக் குறை சொல்வதும் வழக்கம். பேட்டரியில் கோளாறு இல்லை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம்; காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டும். இரண்டில் ஏதேனும் ஒன்றின் அமைப்பை மற்றதற்கு ஏற்ப மாற்றினால் போதும்.

கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் லினக்ஸ் ஏறும் என்பதும் இப்போது பெரும்பாலும் பொருந்தாது. உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் தொடக்க நிரல் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பத்துடனே வருகிறது. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய தொடக்க நிரல்களை மறுத்ததால் பல கணினிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது. லினக்ஸையும் அவ்வப்போது அப்டேட் செய்துவர வேண்டும். விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டியிருக்கும் கணினியில் செக்யூர் பூட்டைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். பார்ட்டிஷனில் கை வைக்கும் முன்பே அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிவைக்க வேண்டும்.