போராட்டக் களமும் விளம்பரக் களமும்

விளம்புதல் என்னும் வினைக்கு எடுத்துரைத்தல், பரிமாறுதல் என இருபொருளும் உண்டு. இக்கால விளம்பரம் இரண்டையும் ஒருங்கே செய்கின்றது. பொருளை எடுத்துரைப்பதோடு, அதற்குத் தொடர்பில்லாத உணர்ச்சி ஒன்றையும் உடன் பரிமாறுகின்றது. அவ்வுணர்ச்சி மக்கள் போராட்டத்தினின்று எடுக்கப்படும்போது நேர்வது யாது? அமெரிக்க நாட்டு விளம்பரங்கள் இரண்டின்வழி ஈண்டுக் காண்போம்.

கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளுள் வைத்தெண்ணினார் தொல்காப்பியர். போராட்டத்திற்கும் இவை பொருந்தும். பெப்சி நிறுவனம் 2017 ஏப்ரல் 4 அன்று வெளியிட்ட படத்தில் மெய்ப்பாடு மட்டுமே எஞ்சியது. இளைஞர் ஊர்வலம் செல்கின்றது. விளம்பர அழகி கெண்டல் ஜென்னர் அதிற் கலந்து, அணிவகுத்து நிற்கும் காவலர் ஒருவரிடம் பெப்சி டின்னை நீட்டுகின்றார். அவர் அருந்துகின்றார், கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. எதற்காக ஊர்வலம்? யாரிடம் என்ன கோரிக்கை? விடையில்லை. முக்காடிட்ட பெண் புகைப்படக் கலைஞர் ஒருவரும் வருகின்றார்; அவருக்கும் அங்கே அக்காட்சியைப் படமெடுத்து மகிழ்வதே வேலை.

பார்த்தோர் நினைவில் எழுந்ததோ வேறொரு படம். 2016 ஜூலையில், பேட்டன் ரூஜ் நகரில் ஆல்ட்டன் ஸ்டெர்லிங் என்னும் கறுப்பினத்தவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், கவசமணிந்த காவலர்முன் வெறுங்கையுடன் ஒரு பெண் நின்ற படம் அது. அவர் கைது செய்யப்பட்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் மகள் பெர்னிஸ் கிங், தம் தந்தையைக் காவலர் தள்ளும் பழைய படத்தை வெளியிட்டு, பெப்சியின் ஆற்றலை அவர் அறியாமற்போனாரே என அங்கதமாக எழுதினார். மறுநாளே நிறுவனம் குறி தவறியதாக மன்னிப்புக் கேட்டு, படத்தைத் திரும்பப் பெற்றது. கிங் கொலையுண்டதும் ஓர் ஏப்ரல் 4 தான் (1968). நாட்காட்டியையும் எவரும் பார்க்கவில்லை போலும்!

இரண்டாவது இதனினும் நுட்பமானது. 2018 பிப்ரவரி 4 அன்று சூப்பர் பவுல் ஆட்ட ஒளிபரப்பில் ராம் டிரக் விளம்பரம் ஒன்று வந்தது. பின்னணியில் ஒலித்தது கிங்கின் குரல். சரியாக 50 ஆண்டுகளுக்குமுன், அதே நாளில், அட்லாண்டா எபனேசர் திருச்சபையில் அவர் ஆற்றிய உரை அது. எவரும் தொண்டினாற் பெருமையடையலாம் என்னும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தனர். அவ்வுரையிலேயே, முந்தி நிற்கும் ஆசையைத் தூண்டி விளம்பரக்காரர் மக்களை வசப்படுத்துவதையும், வருவாய்க்கு மீறிக் கார் வாங்குவதையும் கிங் கடிந்துரைத்திருக்கின்றார். சிலர் அப்பகுதியை அதே விளம்பரக் காட்சியோடு இணைத்து வெளியிட்டனர், குட்டு வெளிப்பட்டது.

கிங் குடும்பத்தாரின் உரிமைகளை மேலாளும் நிறுவனம் முன்னரே இசைவளித்திருந்தது. ஆதலின் சட்டப்பிழை இல்லை, பொருட்பிழையே. பயனும் கேட்போரும் மாறியபின், குரல் ஒன்றாயினும் கூற்று ஒன்றாகாது. அவ்வுரையின் ஒலிப்பதிவு 1968 ஏப்ரல் 9 அன்று, அதே திருச்சபையில், கிங்கின் இறுதிச் சடங்கில் ஒலிக்கப்பட்டது.