வைரம் விதையான கதை



பொன் விளைந்த மண்ணில் பிறந்தவன் நான். கோலார் தங்கவயலில், பாலகாட் பகுதியில், ஒரு லைன் வீட்டில் வளர்ந்தேன். என் பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. 1980-ஆம் ஆண்டையொட்டி, கனத்த இரும்புத் தகடுகளைக் கேஜில் ஏற்றி அடியாழத்துக்கு இறக்கிய கதையை அவர் அடிக்கடி சொல்வார். "நாங்கள் கீழேயிருந்து பொன்னை மேலே கொண்டுவந்தோம், அந்தப் படித்தவர்கள் மேலேயிருந்து இரும்பைக் கீழே கொண்டுபோனார்கள். எதற்கென்றுதான் விளங்கவில்லை" என்று சிரிப்பார். அந்தக் கேள்விதான் என்னை இயற்பியல் படிக்கத் தூண்டியது. விடையைத் தேடிச் சென்றபோது, அதன் தொடக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நிற்கக் கண்டேன்.

அவர்கள் தோராப்ஜி டாட்டாவும் மெஹர்பாயும் ஆவர். மெஹர்பாயின் தந்தை ஹோர்முஸ்ஜி பாபா, மைசூர் சமஸ்தானத்தில் கல்வித்துறையின் உயர் அதிகாரி. நம் தங்கவயலும் அன்று அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. 1898-இல் இருவருக்கும் மணம் நடந்தது. தந்தை ஜாம்ஷெட்ஜி கண்ட கனவுகளைத் தோராப்ஜி நனவாக்கினார். ஜாம்ஷெட்பூர் இரும்பாலையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் எழுந்தன. மெஹர்பாயோ பெண் கல்விக்கும், குழந்தை மண ஒழிப்புக்கும் பாடுபட்டார். 1910-இல் கணவருக்கு 'சர்' பட்டமும், 1919-இல் மனைவிக்கு சி.பி.இ. விருதும் கிடைத்தன.

ஆனால் பட்டங்களைக் கொண்டு அவர்களை அளப்பது போதாது. 1924-இல் இரும்பாலை பெரும் நெருக்கடியில் சிக்கியது. தொழிலாளருக்குக் கூலி கொடுக்கவும் கையில் பணமில்லை. தோராப்ஜி தம் சொந்தச் சொத்து முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்தார். மனைவிக்கு அவர் வாங்கித் தந்திருந்த 245 காரட் 'ஜூபிலி' வைரமும் அதில் சேர்ந்தது. எடையில் கோஹினூரைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வைரம் அது! ஆலை பிழைத்தது.

1931-இல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துயரத்தில் மூழ்கிய தோராப்ஜி செய்தது என்ன? மனைவியைக் கொன்ற நோயை ஆராய 1932-இல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். உலகின் எந்த நாட்டு அறிஞரும் அதன் உதவியைப் பெறலாம். தம் செல்வத்தையும் மற்றோர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்திலுள்ள மனைவியின் கல்லறையைக் காணச் செல்லும் வழியில், ஜெர்மனியில் உயிர் நீத்தார். பின்னர் அந்த வைரமும் விற்கப்பட்டு, அதன் தொகை அறத்துக்கே சேர்ந்தது.

அந்தச் செல்வம் 1941-இல் பம்பாயில் புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. 1944-இல் மெஹர்பாயின் சகோதரர் மகன் ஹோமி பாபா, அடிப்படை அறிவியலுக்கு ஒரு நிலையம் வேண்டும் என அறக்கட்டளைக்கு எழுதினார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கிப் பம்பாய்க்குச் சென்றது. அதனை அரசும் பேணி வளர்த்தது.

அந்நிறுவனத்தார்தாம் நம் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள்! விண்ணிலிருந்து பொழியும் கதிர்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள் பிறக்கிறது. மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவும். ஆகவே பாறையே வடிகட்டி. ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞரோடு சேர்ந்து, 1965-இல் அவர்கள் அத்துகளின் தடத்தைக் கண்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் வேறொரு குழு கண்டது. காற்றில் பிறந்த நியூட்ரினோவை உலகில் கண்டது அதுவே முதல் முறை. என் பாட்டனார் இறக்கிய இரும்போ, புரோட்டான் சிதைகிறதா என்றறியும் பிற்காலச் சோதனைக்கு உதவியது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, இன்று நம் இளைஞர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். ஆனால் அங்கே கண்ட உண்மை அறிவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே: யாருக்குப் பயன்படும் என்று அறியாமலே கொடுப்பதுதான் நெடுநாள் நிற்கிறது. தங்கவயலைத் தோராப்ஜி மனத்தில் வைத்திருக்கமாட்டார். பெயர் அறியாத நமக்கும் அவர் கொடை வந்து சேர்ந்தது.

இதைப் பாட்டனாரிடம் விளக்கினேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். "அப்படியானால் அந்த அம்மாவின் வைரமும் நம் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறது. நானும் கொஞ்சம் தூக்கியிருக்கிறேன்" என்றார்.

தோழர்களே, வைரம் நம்மிடம் இல்லை. படிப்பு இருக்கிறது. வரும் விடுமுறையில் லைன் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க நான் முடிவு செய்துள்ளேன். என்னுடன் வருவோர் யார்?